மாடி ரூமுக்கு ஒரு பந்தயம்

இந்தத் தடவை விட்டுக்கொடுப்பதில்லை என்று அமிர்தநாதன் முடிவு கட்டினார். கணபதிப் பகுதியில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் பட்டறையில் ஊரார் மோட்டாரையெல்லாம் ஓட வைப்பவர் அவர். வீட்டில்தான் அவர் பேச்சு ஓடாது. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் செய்த எதையும் மனைவி டெய்சி நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை. அவருக்கென்று மிச்சமிருந்தது மொட்டைமாடி ரூம் ஒன்றுதான். சூலூரில் வேலை கிடைத்த தன் தம்பி லியோவுக்காக இப்போது அதையும் கேட்டாள்.

"அங்க உக்காந்து நீங்க என்னத்தக் கிழிச்சீங்க?"

"டேங்க் நெறஞ்சா தானாக் கத்தற பஸ்ஸர் செஞ்சிருக்கேன். இதா பாரு, டிரான்சிஸ்டர். மூணு காலு."

"ஆட்டுக்கே நாலு காலுங்க."

"கேளு அம்மணி. தண்ணி வழியா நடுக்காலுக்குத் துளியூண்டு கரண்ட் வந்தாப் போதும். சுவிட்ச் போட்டாப்புல மத்த ரெண்டு காலுக்கு நடுவுல பெரிய கரண்ட் பாயும். பஸ்ஸர் கத்தும்."

"உங்க அக்காளாட்டன்னு சொல்லுங்க. காதுல ஒரு வார்த்தை போட்டாப் போதும், ஊருக்கே கேக்கும்."

பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு வாளி போர்வெல் தண்ணீரில் பஸ்ஸரின் இரண்டு கம்பிகளையும் முக்கினார். பஸ்ஸர் தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தியது. டெய்சி அசரவில்லை.

"நல்ல தண்ணிக்கும் கத்துமுங்களா? போர் தண்ணில பருப்பு வேகறதில்ல. ரெண்டும் ஒண்ணில்லீங்களே."

"பருப்பு வேற, எலக்ட்ரானிக்ஸ் வேற. தண்ணின்னா தண்ணிதான்!"

"அப்பச் செரி. நல்ல தண்ணி வார அன்னைக்குக் கத்துனா ரூம் உங்களுக்கு. கத்தலீன்னா லியோவுக்கு."

பத்து நாளைக்கொரு முறை குழாயில் வரும் நல்ல தண்ணீர், சிறுவாணித் தண்ணீர், சனிக்கிழமை காலை வந்தது. அமிர்தநாதன் மாடி டேங்கின் வாயில் கம்பிகளைத் தொங்கவிட்டுக் காத்திருந்தார். டேங்க் நிறைந்தது. வழிந்தது. பக்கத்து வீட்டு ஜபருல்லாவின் ஸ்கூட்டர் குளித்தது. பஸ்ஸர் வாயே திறக்கவில்லை.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. உப்பில்லாத தண்ணீரில் கரண்ட் லேசில் பாயாது. நடுக்காலுக்கு வந்தது போதவில்லை. இன்னொரு டிரான்சிஸ்டர் சேர்த்திருக்க வேண்டும். ஒரு பொம்பளை பருப்பை வைத்துச் சொன்னது இவர் படிப்புக்கு எட்டவில்லை.

"ஏனுங்க, கத்தலீங்களே?" மோட்டாரை நிறுத்திவிட்டுக் கீழிருந்து டெய்சி கேட்டாள்.

"ஒயர் லூஸு! இரு, வாரேன்!"

இறங்கினார். சமையல்கட்டில் ஒரு கிலோ கல் உப்புப் பாக்கெட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஏறினார். அத்தனையையும் டேங்கில் கொட்டி, ஒரு பைப் துண்டால் கலக்கினார். பஸ்ஸர் வீறிட்டது. அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"செயிச்சுட்டீங்க," என்றாள் டெய்சி. "ரூம் உங்களுக்கேங்க." அவளுக்கு ஒரு துளி வருத்தம்கூட இல்லை. அதுதான் அவரை உறுத்தியது.

கீழே வந்து தண்ணீர் கேட்டார். சமையல்கட்டில் நாலு குடம் தண்ணீர் மூடி வைத்திருந்தது.

"இது எனக்கும் லியோவுக்கும். விடியறப்பவே குழாய்ல புடிச்சுட்டேன். உங்களுக்குத்தான் மேல ஐநூறு லிட்டர் இருக்குதே, உப்புக்கூடப் போட்டு வெச்சிருக்கீங்க."

அமிர்தநாதன் படுக்கையறைக்குள் போனார். அங்கே லியோவின் பெட்டி இருந்தது. கட்டிலைக் காணோம்.

"கட்டிலுங்களா? லியோ மாடிக்கு ஏத்திட்டிருக்கான். ரூமைத்தான் செயிச்சுட்டீங்களே, இனி அங்கயே படுத்துக்குங்க."