மூன்றாம் பரிசிலிருந்து ஆரம்பித்தவன்

போட்டி நடத்தப் பெரிய சாமர்த்தியம் எதுவும் வேண்டாம். பந்தல் போட்டு, மைக் கட்டி, நாலு நாற்காலி இரவல் வாங்கிவிட்டால் போட்டி தானாக நடந்துவிடும். முடிவை வாசிப்பதற்குத்தான் மனுஷன் வேண்டும். எங்கள் உத்திரமேரூரில் அந்தக் காலத்தில் ஓலை போட்டுக் குலுக்கி ஆள் தேர்ந்தெடுத்த முறையைக் கோயில் சுவரில் விலாவாரியாக வெட்டி வைத்திருக்கிறார்கள். யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது, குடத்துக்குள் யார் கை விட வேண்டும், எல்லாம் இருக்கிறது. பெயரை உரக்கப் படித்தவன் அன்றைக்கு எந்தச் சந்து வழியாக வீடு போய்ச் சேர்ந்தான் என்பது மட்டும் இல்லை. (தேடிப் பார்த்துவிட்டேன். அந்த ஆள் மேல் எனக்குத் தனிப் பாசம்.)

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்திரண்டு வயது. எங்கள் தெரு வாலிபர் சங்கத்துக்கு நான் செயலாளர். வேறு யாரும் முன்வராத பதவி என்பதை நான் மக்கள் ஆதரவு என்று எடுத்துக்கொண்டிருந்தேன். மெட்ராஸில் ஒரு கல்யாணத்துக்குப் போனவன், அங்கே பொருட்காட்சியில் 'பாலே' என்று ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தேன். ஆடியவர்கள் வாயே திறக்கவில்லை. வாத்தியச் சத்தத்துக்கு ஆடி ஆடியே ஒரு முழுக் கதையைச் சொல்லி முடித்தார்கள். பாதிக் கதை எனக்குப் புரியவில்லை என்பதை ஊரில் சொல்லவில்லை. திரும்பி வந்த வாரமே 'சிறுமியர் பாலே போட்டி' என்று நோட்டீஸ் அடித்து, சுற்றுப்பட்டு ஊரெல்லாம் சைக்கிளில் போய் ஒட்டிவிட்டேன்.

மெட்ராஸில் இன்னொரு நாகரிகமும் கற்றிருந்தேன். பரிசு அறிவிக்கும்போது மூன்றாவதில் தொடங்கி முதலாவதில் முடிக்க வேண்டும். ஜனங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்களாம்.

பள்ளிக்கூட மைதானத்தில் நல்ல கூட்டம். மானாம்பதியில் ரைஸ்மில் வைத்திருக்கும் துரைசாமி, தன் அக்காள் மகள் வனஜாவை மயில் வேஷத்தில் அழைத்து வந்திருந்தார். கூடவே மாலை, சால்வை, பம்பை மேளம் எல்லாம் வந்திருந்தன. வெற்றியில் அவ்வளவு நம்பிக்கை. வனஜாவுக்கு நிஜமான மயில்தோகை கட்டியிருந்தார்கள். ஆட ஆட அது உதிர்ந்து, கதை முடிகிற இடத்தில் மேடையில் ஒரு கோழிதான் மிச்சம் இருந்தது. மாகறல் சுந்தரி பாம்பாக வந்தாள். மகுடி ஊதிய அவள் அப்பாவுக்கு இரைப்பு. அவருக்கு மூச்சு வாங்கிய இடங்களில் பாம்பு படத்தை மடக்கிவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தது.

கடைசியாக, சாலவாக்கத்திலிருந்து அஞ்சலை. அவள் அம்மா முனியம்மா நாற்று நடப் போகிறவள். அவர்கள் ஊர் ஜனம் பந்தலுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தது. பந்தலுக்குள் இடம் இருந்தது. உள்ளே வாருங்கள் என்று யாரும் கூப்பிடவில்லை. (நானும்தான்.) அஞ்சலைக்கு வேஷம் என்று பார்த்தால் தோளில் ஒரு வெள்ளைத் துண்டு, அவ்வளவுதான். தண்ணீர் வற்றிய ஏரியில் ஒரு கொக்கு ஒற்றைக்காலில் நிற்கிறது. ஒரே ஒரு மீன் மிச்சமிருக்கிறது. கதை இவ்வளவுதான். மீன் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது அவள் கண்ணைப் பார்த்தே எங்களுக்குத் தெரிந்தது. வேர்க்கடலை உரிக்கிற சத்தம் நின்றுபோனது. மீன் தப்பித்தபோது முன் வரிசையில் இருந்த பெரிய மனிதர் ஒருவர் தொடையில் அடித்துக்கொண்டார்.

முடிவு சொல்லக் காஞ்சிபுரத்திலிருந்து ஒரு நாட்டிய டீச்சரை வரவழைத்திருந்தோம். அந்த அம்மாள் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் என் காதோரம் குனிந்து, முதல் சாலவாக்கம், இரண்டு மாகறல், மூன்று மானாம்பதி, இதில் சந்தேகமே கிடையாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆக, இந்த உலகத்தில் அந்த முடிவு தெரிந்த ஒரே ஆள், தலையில் எண்ணெய் வழிய நின்றுகொண்டிருந்த நான்.

மைக்கைப் பிடித்தேன். மெட்ராஸ் பாணியில் இழுத்தேன். "மானாம்பதி... செல்வி... வனஜா..."

'மூன்றாம் பரிசு' என்ற சொல் என் தொண்டையில் இருக்கும்போதே பம்பை முழங்கிவிட்டது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் பக்கத்தில் கோயிலில் பரிவட்டம் கட்ட யார் பெயரை முதலில் கூப்பிடுகிறார்களோ, அவருக்குத்தான் முதல் மரியாதை. இந்தச் சண்டையில் தேர் நடுத்தெருவில் நின்றிருக்கிறது. என் சொந்தப் பெரியப்பாவே, தன்னை இரண்டாவதாகக் கூப்பிட்டார்கள் என்று கட்டிய பரிவட்டத்தை அவிழ்த்துத் தேர்ச்சக்கரத்தில் சுற்றிவிட்டு வந்தவர். அந்த வீட்டில் சோறு தின்று வளர்ந்த நான், கடைசிப் பெயரை முதலில் கூப்பிட்டால் நாகரிகம் என்று நினைத்திருக்கிறேன்.

துரைசாமி வனஜாவைத் தோளில் தூக்கிக்கொண்டு மேடை ஏறினார். எனக்கு ஒரு சால்வை போர்த்தினார். மேஜையில் இருந்ததிலேயே பெரிய கப்பைத் தானே எடுத்துக்கொண்டார். நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? பல்லைக் காட்டிக்கொண்டு கும்பிட்டேன்.

அடுத்து மாகறல் சுந்தரியைக் கூப்பிட்டேன். மேலிருந்து எண்ணினாலும் கீழிருந்து எண்ணினாலும் அவர்களுக்கு இரண்டாவதுதான். சத்தமில்லாமல் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். அன்று மைதானத்தில் என்னால் தொந்தரவு அடையாத ஒரே ஊர்.

கடைசியாக, "முதல் பரிசு, சாலவாக்கம் அஞ்சலை" என்றேன். பந்தலுக்குள் சிரித்தார்கள். முதல் பரிசுதான் போய்விட்டதே, ஏழைப் பிள்ளையைச் சமாதானப்படுத்தப் பையன் ஏதோ சொல்கிறான் என்று நினைத்துவிட்டார்கள். வெளியே முனியம்மா எழுந்து நின்றாள்.

"இன்னா சார் இது. களத்துல கூலி அளக்க சொல்ல எங்கள கடசியா கூப்புடுவாங்க. கோயில்ல கூயு ஊத்த சொல்லவும் கடசி. எம் பொண்ணு ஆட சொல்ல எல்லாரும் வாயத் தொறந்துகினு பாத்தீங்க. பேரு மட்டும் கடசியா?"

சொல்லிவிட்டு மகளை வீட்டுக்குக் கிளம்பச் சொன்னாள். மகள் கிளம்பவில்லை. கூட்டத்துக்கு நடுவே விறுவிறுவென்று நடந்து வந்து மேடை ஏறி, ஒரு காலை மடக்கிக்கொண்டு நின்றாள்.

"கப்பு குடுத்தாதான் கால கீய வெப்பேன்."

துரைசாமி என் பக்கம் திரும்பினார். "மொதல்ல எங்க பேரத்தான கூப்ட்ட? இப்ப இந்தப் பொண்ணு ஃபர்ஸ்ட்டுன்ற. யாரு சொன்னது? எங்க அந்த டீச்சரு, வரச் சொல்லு."

டீச்சர் அந்நேரம் பாதி தூரம் போயிருப்பார். எனக்குக் கால் இரண்டும் ஆட ஆரம்பித்தன. (அதையும் போட்டியில் சேர்த்திருந்தால் நான்காவது பரிசு வாங்கியிருப்பேன்.) பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டுமே என்று மைக்கை மார்போடு கட்டிக்கொண்டு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். அங்கே மைக்செட் கபாலி பீடி குடித்துக்கொண்டிருந்தான். அவனிடம் கிசுகிசுத்தேன்.

"டேய் கபாலி, அந்த சாலவாக்கம் பொண்ணுதான்டா ஃபர்ஸ்ட்டு. டீச்சர் எங்காதுலயே சொல்லிட்டு பஸ் ஏறிச்சு. மயிலுக்கு மூணாவதுதான்டா. ரைஸ்மில்லு கையில கீற கப்ப யார்ரா புடுங்கறது? என்னால ஆவாதுடா. எனக்கு ஒன்னுக்கு வர்து."

கபாலி தலையை ஆட்டி ஆட்டி மேலே கைகாட்டினான். கடவுள் இருக்கிறார் என்கிறான் என்று நினைத்து நானும் மேலே பார்த்துக் கும்பிட்டேன். மேலே இருந்தது பனைமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர். நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் மைதானம், கடைத்தெரு, பஸ் நிறுத்தம் எல்லாம் போய்ச் சேர்ந்திருந்தது. வீட்டில் மாவரைத்துக்கொண்டிருந்த என் அக்கா, கடைசி வாக்கியத்தைக் கேட்டுவிட்டுக் குழவியை நிறுத்தினாளாம்.

சிரித்தார்கள் பாருங்கள், பந்தல் கால் ஆடியது. சிரிப்பு ஓய்ந்ததும் மாகறல் பக்கமிருந்து மகுடிக்காரர் எழுந்தார்.

"பொய் சொல்றவனுக்கு இன்னாத்துக்குய்யா ஒன்னுக்கு வர்து? பையன் உண்மதான் சொல்றான்."

இந்த நியாயம் எல்லாருக்கும் பிடித்துவிட்டது. கூட்டம் முழுவதும் துரைசாமியைப் பார்த்தது. அவர் கப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு நேரம் நிற்கிறாள் என்று பார்த்துவிடுகிறேன் என்பதுபோல் நின்றார். அஞ்சலை நின்றாள். கொக்குக்கு அதுதானே தொழில். சற்றுமுன் மீனுக்காகக் காத்திருந்த கண்கள் இப்போது கப்பின்மேல் இருந்தன. கடைசியில் மானாம்பதியின் பம்பைக்காரரே பொறுக்க மாட்டாமல், "அண்ணே, கொயந்தைக்கு கால் நோவும், வுட்டுடு" என்றார். துரைசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு கப்பை மேஜைமேல் வைத்தார்.

நான் நிம்மதியாக, எடுத்துக்கொள்ளம்மா என்றேன். முனியம்மா மேடைக்குக் கீழே வந்து நின்றாள்.

"எடுத்துக்கறதுக்கு இது இன்னா களத்துல செதறுன நெல்லா? பேரச் சொல்லிக் கூப்ட்டு குடு. மொதல்ல எங்க பேரு. அப்பறந்தான் மத்தவங்க."

மைக் இல்லாமலே மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"மைக்குல சொல்லு தம்பி. ஒன்னுக்கு வர்தத மட்டும் ஊருக்கே கேக்கறாப்பல சொன்ன இல்ல?"

சாராக இருந்த நான் தம்பியானது அந்த நிமிஷம்தான். எழுந்தேன். மைக்கை வாய்க்கு நேரே வைத்து, மெட்ராஸ் இழுவை எதுவும் இல்லாமல் கத்தினேன். "முதல் பரிசு, சாலவாக்கம் அஞ்சலை." பிறகு மாகறல். பிறகு மானாம்பதி. அஞ்சலை காலை இறக்கினாள். சாலவாக்கத்து ஜனம் எழுந்து, பந்தலுக்குள் நுழைந்து, நடுவழியாகவே மேடைக்கு வந்தது. முன் வரிசைக்காரர்கள் காலை ஒடுக்கிக்கொண்டு வழி விட்டார்கள். கப்பை அவள் கையில் கொடுத்துவிட்டு, போட்ட சால்வையோடு பள்ளிக்கூடத்துப் பின்சுவரைத் தாண்டி ஓடினேன். எதற்கு என்று ஊருக்கே தெரியும்.

வாலிபர் சங்கம் அத்தோடு படுத்துவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் பக்கம் நான் பார்த்த போட்டிகளில் எல்லாம் முதல் பரிசைத்தான் முதலில் வாசிக்கிறார்கள். நாகரிகம் தெரியாதவர்கள் என்று மெட்ராஸ்காரர்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் போகட்டும். அன்றைய முடிவு சரி. எந்தச் சபையிலும் சொல்வேன்.

அடுத்த வருஷம் பெண் பார்க்க மாகறலுக்குப் போனபோது (மகுடிக்காரர் வீடு இல்லை, அடுத்த தெரு) பெண்ணின் அப்பா என் உத்தியோகத்தை விசாரிக்கவில்லை. என்னை உற்றுப் பார்த்து, "மைக்குல சொன்ன பையனா?" என்றார். உள்ளே பெண் சிரித்த சத்தம் கேட்டது. கல்யாணம் நடந்தது.

இன்றைக்கும் வீட்டில் ஏதாவது முக்கியமான விஷயத்தைச் சொல்ல நான் தொண்டையைக் கனைத்தால் போதும், என் மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்பாள்.

"இன்னா நைனா, போய்ட்டு வந்து சொல்றியா?"

போகமாட்டேன். சொல்லிவிட்டுத்தான் போவேன். அன்றைக்கும் அப்படித்தான் போனேன்.