ஆயில் குடிக்கும் வண்டி

"குடிச்சிருச்சு! மறுபடியும் குடிச்சிருச்சு!"

காலை நேரத்தில் வாசலிலிருந்து இப்படி ஒரு சத்தம் கேட்டதும், பூனை பாலில் வாய் வைத்துவிட்டதோ என்று மனைவி பதறி ஓடி வந்தாள். பூனையைக் காணோம். இயற்பியல் வாத்தியார்தான் காரின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, எஞ்சின் ஆயில் அளவு பார்க்கிற கம்பியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்.

"பாரு. கீழ்க்கோட்டுக்கும் கீழே. போன மாசம்தான் புது ஆயில் மாத்துனது."

"வண்டி இப்ப வேண்டாம், முதல்ல சமையலறையைச் சரி பண்ணுவோம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே?"

"இப்ப என்ன குடி முழுகிப்போச்சு? பள்ளிக்கூடம் லீவு விடுற வரைக்கும் வாரண்டி இருக்கு. எஞ்சினையே மாத்தித் தருவான். நான் பேசுற விதத்துல பேசுனா தருவான்."

தான் பேசுகிற விதத்தில் வாத்தியாருக்கு அபார நம்பிக்கை. மனைவிக்கு அது கிடையாது. வாரண்டி முடிந்த பிறகு எஞ்சின் படுத்தால், சமையலறைக்கென்று அவள் சேர்க்கத் தொடங்கியிருக்கும் பணமும் சேர்ந்து படுத்துவிடும். இருபது வருஷமாக ஒழுகுகிற குழாயோடும் மூடாத அலமாரியோடும் மல்லுக்கட்டுகிறவளுக்கு அதுதான் கவலை.

இந்தக் காரைச் சிபாரிசு செய்தவன் அவளுடைய தம்பி. வேலை மாற்றலாகி வந்தவன், வீடு கிடைக்கும்வரை அக்கா வீட்டில்தான் தங்கியிருந்தான். "கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க மாமா" என்றான். வாத்தியாரும் அப்படியே வாங்கினார்.

சர்வீஸ் சென்டர் விருந்தாளி வீடு மாதிரி இருந்தது. வாசலிலேயே கும்பிடு. வருகிற வண்டியை முதலில் உள்ளே கொண்டுபோய்க் கழுவித் துடைத்துப் பளபளவென்று ஆக்கித்தான், புகார் கேட்கிற அட்வைசர் முன்னால் நிறுத்துவார்கள். அதுவரை வாடிக்கையாளருக்கு மெத்தை நாற்காலியும் டீயும். 'உள்ளே வர அனுமதி இல்லை' என்ற பலகையைக்கூடச் சிரிக்கிற முகம் ஒன்றை வரைந்துதான் மாட்டியிருந்தார்கள்.

டை கட்டிய அட்வைசர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "எல்லா எஞ்சினும் கொஞ்சம் ஆயில் குடிக்கும் சார்."

"இது கொஞ்சம் இல்லைங்க. மொடாக்குடி."

"பார்த்துடலாம் சார்."

துடைத்து வந்த வண்டியின் பானெட்டை வாத்தியாரின் கண் எதிரிலேயே அட்வைசர் திறந்தார். கம்பியை உருவினார், துடைத்தார், விட்டு எடுத்தார். ஆயில் மேல்கோட்டில் அழகாக நின்றது.

வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் குனிந்து பார்த்தார்.

"உங்க வீட்டு வாசல் சரிவா இருக்குமோ சார்? சரிவுல நிறுத்திப் பார்த்தா அளவு தப்பாக் காட்டும். இன்னும் கொஞ்ச நாள் ஓட்டிப் பாருங்க. ஆனா ஒண்ணு, நீங்களா வெளியில ஆயில் வாங்கி ஊத்திடாதீங்க. அப்புறம் வாரண்டியில எதையும் நிரூபிக்க முடியாது."

சரிவு! இயற்பியல் வாத்தியாருக்கே இயற்பியல் மறந்துவிட்டதே என்று அவருக்கு வெட்கமாகப் போனது. அந்த வாரமே கொத்தனாரைக் கூட்டிவந்து வாசலைச் சிமெண்ட் போட்டு மட்டமாக்கினார். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தால் குமிழி நட்ட நடுவில் நின்றது. மச்சினனைக் கூப்பிட்டுக் காட்டினார். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். தபால்காரருக்கும் காட்டினார்.

சிமெண்ட் காய்ந்த பிறகுதான் கேட் திறக்கவில்லை என்பது தெரிந்தது. தரை உயர்ந்து கேட்டின் அடியைக் கவ்விக்கொண்டது. வெல்டரை வரவழைத்து அடியில் ஒரு சாண் அறுத்தார்கள். மறுநாளிலிருந்து தெருநாய் ஒன்று அந்த இடைவெளி வழியாக வந்து காருக்கு அடியில் குடித்தனம் நடத்தத் தொடங்கியது.

"இருக்கிற வீட்டை ரிப்பேர் பண்ணச் சொன்னா, ரிப்பேர் இல்லாததையும் ரிப்பேர் ஆக்குறீங்களே!" என்றாள் மனைவி.

"எல்லாம் ஒரு கணக்கோடதான் நடக்குது. நீ பேசாம இரு."

சில வாரம் போயிற்று. மட்டமான தரை, ஆறிய எஞ்சின், சுத்தமான துணி. கம்பி மறுபடியும் கீழ்க்கோட்டுக்குக் கீழே காட்டியது. வாத்தியார் பரம சந்தோஷத்தோடு வண்டியை நேராகச் சர்வீஸ் சென்டருக்கு விட்டார். கும்பிடு, டீ, மெத்தை நாற்காலி, பளபளப்பு. கம்பியை விட்டு எடுத்தார்கள்.

மேல்கோடு.

"கண்ணாடி பவரை ஒரு தடவை செக் பண்ணிக்கங்க சார்" என்றார் அட்வைசர், மிகவும் மரியாதையாக.

வாத்தியார் கண்ணாடியையும் மாற்றினார். புதுக் கண்ணாடியில் உலகம் முழுக்கத் தெளிவாகத் தெரிந்தது, காரணம் ஒன்றைத் தவிர. வகுப்பில் ஒரு சோதனை சரியாக வராவிட்டால் என்ன செய்வார்? நடுவில் யார் கை வைத்தது என்று பார்ப்பார். காலையில் குறைந்திருந்தது, அங்கே போனதும் நிறைந்திருக்கிறது. இடையில் வண்டியைத் தொட்டது யார்?

மச்சினன்! இவர் சட்டை போட்டு வருவதற்குள் கேட்டைத் திறந்து வண்டியைத் தெருவில் எடுத்து நிறுத்துகிறவன் அவன்தான். சிபாரிசு செய்தவனும் அவன்தான். கௌரவம் போய்விடக் கூடாதென்று திருட்டுத்தனமாக ஆயில் ஊற்றுகிறான்!

சாப்பாட்டு மேசையிலேயே கேட்டுவிட்டார். "ஆயில் டின்னை எங்க ஒளிச்சு வச்சிருக்கே?"

மச்சினன் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டான். "என்ன மாமா சொல்றீங்க?"

"நல்லது பண்றதா நினைச்சு என் வாரண்டியில மண்ணைப் போடாதே. உண்மையைச் சொல்லிடு."

"உங்க வண்டிக்கு நான் ஏன் மாமா ஆயில் ஊத்தப்போறேன்? எனக்கென்ன பைத்தியமா?"

அன்று சாயங்காலமே அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஆபீஸ் நண்பனின் அறைக்குப் போய்விட்டான். மனைவி அழவில்லை, கத்தவில்லை. அவருடைய தட்டை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைக்கத் தொடங்கினாள். ஆனாலும் வாத்தியார் விடவில்லை. பானெட்டுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியைப் பூணூல் மாதிரி கயிற்றில் கோத்து மார்பில் மாட்டிக்கொண்டார்.

ஆயில் அடுத்த முறை குறைந்தபோது மனைவியையே சாட்சிக்கு அழைத்தார்.

"உன் கண்ணால பாரு. எங்க நிக்குது?"

அவள் குனிந்து பார்த்தாள். "அட ஆமா, கீழதான் இருக்கு."

"கிளம்பு என்கூட."

சர்வீஸ் சென்டர் வாசல் வந்ததும் அவள் ஒரே பிடியாக நின்றாள். "இந்தச் சங்கிலியோட நான் உள்ள வரமாட்டேன். மாட்டு வண்டியைக்கூட இப்படிக் கட்ட மாட்டாங்க. கழட்டுங்க முதல்ல." கழற்றினார். கும்பிடு, டீ, மெத்தை நாற்காலி. அவளுக்கு அந்த நாற்காலி பிடித்திருந்தது.

பளபளத்து வந்த வண்டியில் அட்வைசர் கம்பியை எடுத்து, இந்த முறை நேராக அவளிடமே காட்டினார்.

மேல்கோடு.

மனைவி கம்பியைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "வீட்டுல கம்பியைத் துடைச்சு விட்டு எடுத்தது நீங்கதானே?"

"ஆமா."

"பாதிவரைக்கும்தான் விட்டு எடுத்தீங்களா?"

"நான் எதுக்குடி அப்படிச் செய்யணும்?"

"அது எனக்கெப்படித் தெரியும்? என் தம்பி இல்லாமயே ஆயில் நிறைஞ்சிருக்கு. அப்ப அவன் மேல போட்ட பழி? லீவு விடுறதுக்குள்ள நீங்களே போய் அவனைக் கூட்டிட்டு வரணும். இல்லேன்னா நானும் அவன் இருக்கிற இடத்துக்கே போயிடுவேன்."

வாழ்க்கையில் முதல் முறையாக வாத்தியாருக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்தது. அது மிகவும் கசப்பாக இருந்தது. கண்ணும் சரி, தரையும் சரி, கம்பியும் சரி என்றால் மிச்சமிருப்பது மண்டை ஒன்றுதான்.

"புகாரை முடிச்சுடலாமா சார்?" என்று அட்வைசர் கனிவோடு கேட்டார்.

"முடிச்சுடுங்க."

பள்ளிக்கு லீவு விட்ட அன்று, வாரண்டியின் கடைசி நாள், மத்தியானம், இரண்டு பேரும் மச்சினன் தங்கியிருந்த அறைக்குப் போனார்கள். அவன் முகம் கொடுத்தே பேசவில்லை. வாத்தியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"மாப்ளே, தப்பு என் மேலதான். மன்னிச்சுடு. வீட்டுக்கு வா."

"வண்டி?"

"தங்கமான வண்டி. சொட்டு ஆயில் குடிக்கலை. எல்லாம் என் பிரமை."

"இன்னொரு தடவை சொல்லுங்க மாமா."

"பிரமை, பிரமை, பிரமை! போதுமா?"

மச்சினன் முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. அக்கா அவன் துணிகளை மடித்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்துவிட்டாள். வாத்தியாருக்குப் பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. கை நிறைய மச்சினனின் புத்தகங்கள் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

சர்வீஸ் சென்டர் வரவேற்பு மேசைப் பெண்ணின் குரல், தேன் மாதிரி வந்தது.

"வணக்கம் சார், உங்க அபிப்பிராயம் கேட்கத்தான் கூப்பிட்டேன், வண்டி உள்ள வந்ததும் கழுவுற இடத்துலேயே ஆயில் குறைஞ்சிருக்கான்னு பார்த்து, நீங்க வந்த ஒவ்வொரு தடவையும் ஒரு லிட்டர் இலவசமா ஊத்திக் குடுத்தோமே, அந்தச் சேவைக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?"