இருப்புப் பதிவேட்டில் பலவேசம் ஒன்று

குற்றாலம்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மச்சான் பேச்சிராஜ் அவர்களுக்கு, சர்க்கார் விடுதி வாட்ச்மேன் பலவேசம் எழுதிக்கொண்டது. நானும் உம்ம தங்கச்சி சங்கரம்மாளும் நலம். வாசுதேவநல்லூரில் உம்முடைய நலமும், உம்ம தலையில் மிச்சமிருக்கும் நாலு முடியின் நலமும் அறிய ஆவல்.

மச்சான், இன்றைக்கு நான் ரிட்டயர். சாவியையும் சாமான்களையும் புது வாட்ச்மேன் இசக்கியப்பனிடம் ஒப்படைத்து, அவன் கையெழுத்துப் போட்டால்தான் வீட்டுக்குப் போக முடியும். ஆபீசர் ஜெயபிரியா மேடம் இருப்புப் பதிவேட்டை வாசிக்க, நான் ஒவ்வொன்றாகக் காட்டினேன். கட்டில் இருந்தது. வாளியில் இரண்டைக் குரங்கு தூக்கிக்கொண்டு போயிருந்தது, அதையும் சமாளித்தேன். அடுத்த வரி வந்ததும் மேடம் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்ப வாசித்தார்கள். “பலவேசம், ஒன்று. நல்ல நிலையில்.”

தூக்கிவாரிப் போட்டது மச்சான். வேலையில் சேர்ந்த அன்று இந்தப் பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். என் மூணாங்கிளாஸ் படிப்புக்கு, ‘பொருளின் பெயர்’ என்ற கட்டத்தில் போட்டுவிட்டேன். எந்தப் புண்ணியவானோ பக்கத்தில் ஒன்று என்று எழுதி, அதைப் பார்த்துப் பார்த்து முப்பது வருசமாக எழுதியிருக்கிறார்கள்.

“மேடம், இந்தப் பொருள் இங்கனதான் இருக்கணும். நாளைக்கு ஆடிட்டுல பலவேசம் எங்கன்னு கேட்டா நான் எதைக் காட்ட?” என்று இசக்கியப்பன் ஒரே பிடி.

“ஏலே, நான் என்ன கட்டிலாலே?”

“கட்டில்னா போட்ட இடத்துல கிடக்கும் அண்ணாச்சி. நீரு ஓடிருவீரு.”

மேடம் பேனாவைத் திறந்துக்கிட்டே, “அண்ணாச்சியைக் கண்டம் பண்ணிரலாம்”னாங்க. எழுபதுல கண்டம்னு ஜோசியன் சொன்னான், அறுபதுலயே வந்துட்டேன்னு வேட்டியை மடிச்சுக் கட்டி வாசலைப் பார்த்தேன். பொறவுதான் சொல்லுதாங்க, ஒண்ணுக்கும் ஆகாத சாமானைப் பதிவேட்டுல இருந்து கழிக்கதுக்கு ஆபீஸ்ல அதான் பேராம். ‘பழுதடைந்தது, பயன்பாட்டுக்கு உதவாது’ன்னு எழுதி, என்னைக் கூட்டிட்டுப் போக வந்திருந்த உம்ம தங்கச்சிகிட்ட சாட்சிக் கையெழுத்துக் கேட்டா, “கல்யாணத்துக்கு மறுநாளே கேட்டிருந்தாலும் போட்டிருப்பேனே”ன்னு வாசிச்சுக்கூடப் பார்க்காம போட்டுட்டா!

இத்தோட முடிஞ்சுதா? கண்டம் பண்ணின சாமானை ஏலத்துல விடணுமாம். இசக்கியப்பன் என் முதுகுல ஒட்ட நம்பர் எழுதிக்கிட்டு இருக்கான். இந்தக் காகிதத்தை போட்டோ பிடிச்சு உமக்கு வாட்ஸப்புல அனுப்புதேன். பார்த்த உடனே பஸ் ஏறி வந்து என்னை ஏலம் எடும். வேற எவனும் எடுக்க மாட்டான்.

உம்ம வீட்டுக்காரி, தங்கச்சி மாரிச்செல்விக்கு அன்பும், பிள்ளைகளுக்கு ஆசியும் சொல்லும். உமக்கு ஒண்ணும் கிடையாது, நேர்ல வந்து வாங்கிக்கிடும்.

இப்படிக்கு,
இந்த நிமிசம் வரைக்கும் சர்க்கார் சொத்தான
பலவேசம்

பின்குறிப்பு: வர வேண்டாம் மச்சான். ஆளை எல்லாம் ஏலம் விட முடியாதுன்னு மேடம் என் பேர் மேல ஒரு கோட்டை இழுத்துட்டாங்க. இசக்கியப்பனும் கையெழுத்துப் போட்டுட்டான். ஆனா உம்ம தங்கச்சி என்னை வீட்டுக்குள்ள சேர்க்க மாட்டேங்கா. “உதவாதுன்னு சர்க்காரே எழுதிட்டு. உங்களை என் தலையில கட்டுனது எங்கண்ணன்தானே, அவுககிட்டயே திருப்பி ஒப்படைச்சுட்டு, பெற்றுக்கொண்டேன்னு எழுதி வாங்கிட்டு வாங்க”ங்கா. நான் பஸ்ஸுல சீட்டுப் பிடிச்சு உக்காந்துட்டேன்.