இருட்டறையும் என் கடிகார மூளையும்

நாளையும் நேரத்தையும் பிழையாகச் சொல்பவர்களை நான் மன்னிப்பதில்லை. கலியாண வீட்டில் ஒருவர், “அன்றைக்கு வெள்ளிக்கிழமை...” என்று தொடங்கினால், “இல்லை, வியாழன். பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு” என்று குறுக்கே விழுவேன். (என்னை எல்லோரும் முதல் பந்தியிலேயே சாப்பிட வைத்து அனுப்புவது மரியாதையால் என்று நெடுநாள் நினைத்திருந்தேன்.) எங்கள் மருதமுனைப் பள்ளிவாசலில் தொங்கிய நோன்பு நேர அட்டவணையும் அப்போது, ஊரார் மாஸ்டர் என்று கூப்பிடும் நான் தயாரித்ததுதான்.

என் மனைவியின் தம்பி இம்றாஸ் நிறுவற்கலைஞன். படத்தைச் சுவரில் மாட்டாமல், ஒரு அறையையே படமாக்கி நம்மை அதற்குள் விடுகிற ஆள். ஒரு ரமழானில், மூடிக்கிடந்த நெசவுக் கொட்டிலொன்றில் கறுப்புத் துணி கட்டி, கடல் மணல் பரப்பி, எங்கிருந்து வருகிறதென்று தெரியாத நீல வெளிச்சமும் அலையோசையும் வைத்தான். உள்ளே படுத்தால் உடம்பும் நேரமும் மறந்து, மனம் வேறொரு நிலைக்குப் போகுமாம்.

“மணிக்கூட்டையும் போனையும் வெளியில வைங்க மச்சான். எவ்வளவு நேரம் கிடந்ததெண்டு ஒருத்தருக்கும் சொல்லேலாது.”

“எனக்கு நிமிசக் கணக்கில சொல்லேலும். பிழைச்சா, இனி நோன்பு அட்டவணைய நீயே போடுடா,” என்றேன். பள்ளிவாசல் நிர்வாகிகள் மூவர் சாட்சி. (கிழமை கேட்டால் போனைப் பார்க்கிறவனிடம் இதைச் சொன்னேன்.)

நடுப்பகல் லுஹர் தொழுதுவிட்டுப் போய்ப் படுத்தேன். நிமிடத்துக்கு இத்தனை அலை என்று கணக்குப் பிடித்துவிட்டால் கலை தோற்றுவிடும். நாற்பது வரை எண்ணியது நினைவிருக்கிறது. பிறகு மணல் என்னைத் தூக்கிக்கொண்டு போனது. கை எது, நீலம் எது என்று தெரியவில்லை. (அதற்குப் பெயர் நித்திரை என்கிறாள் மனைவி.)

துணிகளுக்கு அப்பாலிருந்து தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. ஒரு முழுப் பகல் கழிந்த களைப்பு. மஃரிப்! சூரியன் மறைந்துவிட்டது! நோன்பு திறப்பதைப் பிந்தவிடக் கூடாதல்லவா? வழியில் பாங்கு சொன்னால் உதவுமென்று சட்டைப் பையில் வைத்திருந்த பேரீச்சம்பழத்தை எடுத்து, துஆ ஓதி வாயில் போட்டேன். அட்டவணை போடுகிறவனுக்குரிய நிதானத்தோடு, மென்றபடியே கதவைத் திறந்தேன்.

வெயில் முகத்தில் அறைந்தது.

தொழுகைக்குப் புறப்பட்டு நின்ற நிர்வாகிகள் மூவரும் என் தாடையைப் பார்த்தார்கள்.

“என்ன மச்சான் சப்புறீங்க?” என்றான் இம்றாஸ்.

“நோன்பு திறந்திட்டன். பாங்கு சொன்னாங்கதானே!”

“அல்லாஹ்வே! அது அஸர் பாங்கு! பொழுதுபட இன்னும் நேரமிருக்கு!”

“துப்புங்க மாஸ்டர், துப்புங்க!” என்று ஒரு நிர்வாகி கத்தினார். துப்பினேன். கொட்டை மட்டும் விழுந்தது.

அன்று மிச்சப் பொழுதும் பட்டினி கிடந்து, பெருநாளுக்குப் பிறகு அந்த நோன்பைத் திரும்பப் பிடித்துக் கழாவும் செய்தேன். மாஸ்டரையே மயக்கிய அறையைப் பார்க்க நிந்தவூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். அட்டவணை இப்போது இம்றாஸுடையது. வருடந்தோறும் அதில் ஒரு நிமிடப் பிழையாவது கிடைக்குமா என்று தேடுகிறேன். அந்த அற்ப சந்தோசத்தையும் அவன் தரவில்லை.

வீட்டில் இன்றைக்கும், பாங்கு கேட்டு நான் நோன்புக் கஞ்சிக் கோப்பையைத் தொட்டால் மனைவி என் கையைப் பிடித்துக்கொள்வாள்.

“பொறுங்க, பொறுங்க. இது ஊருட மஃரிபா, உங்கட மஃரிபா?”