எட்டாவது லாரிக்கு இடம்

"என் பித்தளைக் குடத்த எங்க வச்சீங்க?" என்று டெய்சி கேட்டபோது, அவள் கணவர் சிலுவைராஜ் பூதக்கண்ணாடியோடு அலமாரிக்குள் தலையை விட்டிருந்தார்.

"கொல்லையில."

"சீதனக் குடம் கொல்லையிலயா?"

"எட்டாவது லாரி வருதுல்ல."

அலமாரியில் ஏற்கெனவே ஏழு லாரிகள் நின்றன. உள்ளங்கை நீளம்தான். எல்லாம் கெட்டியான உலோக வார்ப்புப் பொம்மைகள். டெய்சியின் அண்ணன் அருளானந்தம் பிரான்சிலிருந்து ஒவ்வொன்றாக அனுப்பியவை. அந்தக் காலத்து சோடா லாரி, பீர் லாரி, ஒயின் லாரி. நகத்தால் நெம்பினால் கதவு திறக்கும். உள்ளே ஸ்டியரிங் இருக்கும், சீட்டில் தையல்கூடத் தெரியும். பின்னால் அரிசியளவு பாட்டில்கள், அத்தனையிலும் லேபிள். மனுசன் செய்த வேலையா இது என்று கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் கிளார்க் சிலுவைராஜுக்கு ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்க்கும்.

போன மாதம் ட்ரங்க் காலில் அவர் கத்தியது தெருவுக்கே கேட்டது.

"மச்சான், வந்ததெல்லாம் சிறுசு. இந்தத் தடவ லெமனேட் லாரி, பெருசா வேணும்."

"எவ்வளவு பெருசு மாப்ள?"

"ஒங்களால முடிஞ்ச மட்டும்."

கப்பலில் ஏற்றியாகிவிட்டது என்று தந்தியும் வந்துவிட்டது.

"இனிமே வீட்டுல ஒரு சாமான் நகந்துச்சுன்னா, தருமபுரத்துக்கு எங்கம்மா வீட்டோட போயிடுவேன்," என்றாள் டெய்சி. அவள் விளையாட்டுக்குச் சொல்லும் ஆள் இல்லை.

சாமானை நகர்த்தாமல் என்ன செய்வது? தெட்சிணாமூர்த்தி ஆசாரியிடம் தனியாக ஒரு கண்ணாடி ஷோகேஸ் செய்யச் சொன்னார்.

"என்ன அளவுங்க?"

"பெருசுன்னு சொல்லியிருக்கேன். தாராளமா செய்யுங்க."

ஆசாரி தாராளமாகவே செய்துவிட்டார். ஷோகேஸ் வாசல் நிலையில் பாதியில் சிக்கிக்கொண்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. டெய்சி ஜன்னல் வழியாகக் காப்பி கொடுத்தாள்.

"நிலையப் பேத்துடலாங்க," என்றார் ஆசாரி.

நிலையைப் பெயர்த்தார்கள். முன்பக்கச் சுவரும் கூடவே வந்துவிட்டது.

புழுதி அடங்கியதும் டெய்சி பெட்டியோடு நின்றாள்.

"நான் கெளம்புறேன்."

"தாயே, அந்த லாரிய ஒரு தடவ பாத்துட்டுப் போ. கதவு தொறக்கும், எஞ்சின் தெரியும், ஒங்கண்ணன் ஆசையா அனுப்புனது."

டெய்சி பெட்டியைக் கீழே வைத்தாள். அந்தக் குட்டிப் பாட்டில்களை அவர் இல்லாத நேரத்தில் அவளும் வாய்பிளந்து பார்த்ததுண்டு.

அப்போது காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் செங்கல் குவியலைத் தாண்டி வந்தார்.

"சிலுவைராஜ் சார் வீடுங்களா? மெட்ராஸ் துறைமுகத்துலேருந்து வர்றேன். பிரான்ஸ் லாரி வந்துருக்குங்க."

சிலுவைராஜ் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, பயபக்தியோடு இரண்டு கைகளையும் நீட்டினார்.

வந்தவர் அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு இடிந்த சுவரைப் பார்த்தார்.

"சொவத்த முன்கூட்டியே இடிச்சு வச்சது நல்லதாப் போச்சுங்க. ஆனா கூரையையும் எடுத்தாத்தான் லாரி உள்ள வரும்."