தாக்னி வீட்டுப் பானை

"துறைமுக அலுவலக மேலாளர் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கீங்களாமே, தாக்னி?" என்று கேட்டாள் கடைக் கல்லாவில் இருந்த சோல்ரூன்.

தாக்னி பால் டப்பாவைப் பைக்குள் வைக்கப் போனவள் அப்படியே நின்றாள்.

"யார் சொன்னா?"

"பானையில பேசிக்கிட்டாங்க."

பானை என்றால் நகராட்சி நீச்சல் குளத்தில் இருக்கிற வெந்நீர்த் தொட்டி. ஐஸ்லாந்தின் வடகரையில் இருந்த அந்த ஊருக்கு நகர மன்றம் என்று ஒன்று உண்டு. ஆனால் முடிவெல்லாம் பானையில்தான். காலை ஆறரைக்குக் கழுத்துவரை முங்கி உட்கார்ந்தால், எட்டு மணிக்குள் யாருக்கு வேலை, யாருக்கு விவாகரத்து என்று தீர்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். மன்றம் பிற்பாடு கோட்டு மாட்டிக்கொண்டு கூடி, அதையே தீர்மானமாக எழுதும். எழுதுகிறவளும் சோல்ரூன்தான். காலையில் குளத்தில் டிக்கெட், மதியம் நகராட்சியில் எழுத்தர், சனிக்கிழமை கடையில் கல்லா. ஊரில் ஆள் குறைவு.

விண்ணப்பம் போட்ட விஷயத்தை தாக்னி இரண்டே பேரிடம்தான் சொல்லியிருந்தாள். ஒன்று, அக்கா ஸ்டெயின்வோர். அவள் இருப்பது டென்மார்க்கில். இந்த ஊரில் ஒரு நாயைக்கூடத் தெரியாது. இன்னொன்று, கணவன் ஓர்முர். அவன் தினமும் போய் உட்காருவது பானையில்.

கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் காதுக்கருவியை மாட்டச் சொல்லிவிட்டு ஆரம்பித்தாள். முப்பது வருஷம் மீன்பிடிக் கப்பலின் என்ஜின் அறையில் வேலை பார்த்தவன் ஓர்முர். காது அங்கேயே போய்விட்டது.

"பானையில என்னடா பேசின?"

"ஒண்ணும் பேசல."

"அப்ப ஊருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எனக்கு எப்படித் தெரியும்? அங்க போகும்போது கருவியைக் கழட்டி வச்சிட்டுத்தானே போறேன். ஒரு வார்த்தை கேக்காது."

"கேக்காதுன்னா பேச முடியாதா? காது கேக்காதவன்தான் நிறுத்தாம பேசுவான்!"

ஓர்முர் காதுக்கருவியைக் கழற்றி, ஜன்னல் விளிம்பில் இருந்த முட்டைக் கிண்ணத்தில் போட்டான். அது அவனுக்கு அறையை விட்டு வெளியே போவது மாதிரி.

தாக்னிக்கு இது சும்மா ஊர்வம்பு இல்லை. இருபத்திரண்டு வருஷம் மீன் ஆலையில் நின்று கத்தி பிடித்தவள். நாற்பத்தெட்டு வயதில், கையில் மீன் நாற்றம் போகாமலே, அஞ்சல் வழியில் படித்துப் பட்டம் வாங்கினாள். அவள் குடும்பத்தில் அதுதான் முதல் பட்டம். வேலைக்குப் போட்டி போடுகிறவன் ஆலை மேற்பார்வையாளரின் மருமகன் ஸ்கோரி. தலைநகரில் இரண்டு வருஷம் காபி குடித்துவிட்டு வந்தவனுக்கு அனுபவம் உண்டாம். இருபத்திரண்டு வருஷம் துறைமுகத்தின் வாசலிலேயே நின்றவளுக்கு இல்லையாம். இதற்குமேல் அவள் மனசில் இருப்பதெல்லாம் பானைக்குள் போனால் வேலை போன மாதிரிதான்.

அவள் மனசில் நிறைய இருந்தது. தினமும் காலை ஏழு மணிக்கு, ஓர்முர் குளத்துக்குப் போன பிறகு, அக்காவுக்கு போன் போடுவாள். வீட்டைச் சூடாக்குவது குழாயில் ஓயாமல் வருகிற வெந்நீர். அதைக் குறைக்க அந்த ஊரில் யாரும் குழாயைத் திருக மாட்டார்கள், ஜன்னலைத் திறப்பார்கள். தாக்னியும் பனிக்காற்றுக்கு ஜன்னலை விரியத் திறந்துவிட்டு, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, காது போனவனோடு பேசிப் பழகிய குரலில் பேசுவாள்.

"துறைமுகப் பாலத்து முனையில விளக்கு எரிஞ்சு அஞ்சு மாசமாச்சுக்கா! சின்னப் படகுக்காரன் ஐஸ் வாங்க மூணு மணி நேரம் நிக்கிறான், பெரிய கப்பல் வந்தா மட்டும் சலாம் போடுறானுங்க! அந்த தோர்க்னிருக்குக் கயித்துல ஒரு முடிச்சுப் போடத் தெரியுமா? அவன் நகர மன்றத் தலைவன்! அவன் பாடுறதைக் கேட்டா கடல்நாய் ஈனுதோன்னு இருக்கும்!"

திங்கட்கிழமை தோர்க்னிர் தேவாலயப் பாடகர் குழுவிலிருந்து விலகினான். கடல்நாய் என்று தாக்னி ஓர்முரிடமும் சொல்லியிருந்தாள்.

"இனிமே நீ குளத்துக்குப் போக வேண்டாம். வீட்டுலயே பானை வாங்குறேன்."

"வீட்டுலயா?"

"ஆமா. என் கண்ணு முன்னாடி ஊறு."

ஆறு பேர் உட்காருகிற நீலத் தொட்டி தெற்கிலிருந்து லாரியில் வந்தது. நடுநடுங்கும் பிப்ரவரியில், கல்லாய் உறைந்த மண்ணில் குழி தோண்டினான் ஓர்முர். எங்கே வைப்பது என்று கேட்டபோது தாக்னி விரலை நீட்டினாள்.

"சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே. நீ வாயைத் திறந்தா எனக்குத் தெரியணும்."

வீட்டுச் சூட்டுக் குழாயிலிருந்து தொட்டிக்குக் கிளை எடுத்ததில் ஏதோ ஒரு வால்வை மாற்றித் திருகிவிட்டான். தொட்டிக்குப் போன வெந்நீர் வீட்டுக்கு வரவில்லை. இரண்டு நாள் வீடு பனிக்கட்டி. ஜன்னலையெல்லாம் அடைத்துவிட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிடந்தார்கள். அந்த இரண்டு நாளும் ஊரில் அவளைப் பற்றி ஒரு வதந்தி இல்லை.

"பாத்தியாக்கா? குழாயோட மல்லுக்கட்டினதுல அவனுக்கு வம்பு பேச நேரம் இல்ல!"

மூன்றாம் நாள் குழாய் சரியானது. வீடு கொதித்தது. ஜன்னல் திறந்தது. வதந்தியும் திரும்பி வந்தது.

அதைவிடக் கொடுமை, தொட்டியை இறக்கக் கை கொடுத்தவர்களைச் சும்மா அனுப்ப முடியாது. ஒருநாள் ஊறிவிட்டுப் போகட்டும் என்று ஓர்முர் கூப்பிட்டான். தோர்க்னிரும் இரண்டு கிழ மீனவர்களும் வந்தார்கள். மறுநாளும் வந்தார்கள். மூன்றாம் நாள் துண்டை அங்கேயே காயப் போட்டுவிட்டுப் போனார்கள். அரை மைல் தள்ளிச் சரிவுக்குக் கீழே இருந்த பானை, இப்போது தாக்னியின் ஜன்னலுக்குக் கீழே கூடியது.

"உனக்கு நகராட்சிப் பானை என்ன கசக்குதா?" என்று தோர்க்னிரிடம் நேராகவே கேட்டாள்.

"இங்க வசதியா இருக்கு, தாக்னி" என்றான் அவன். முகத்தில் ஒரு அசைவு இல்லை.

அவர்களை விரட்ட ஒரு சட்டம் போட்டாள். குளத்தில் உள்ளது போலவே, உடுப்பைக் கழற்றி சோப்புப் போட்டுக் குளித்த பிறகுதான் தொட்டியில் இறங்கலாம். அதற்கு எதிராக எந்த ஐஸ்லாந்துக்காரனும் வாய் திறக்க மாட்டான் என்பதை அவள் யோசிக்கவில்லை. "ரொம்ப சரி" என்று தலையாட்டிவிட்டு மூன்று பேரும் அவளுடைய குளியலறைக்குள் வரிசையாகப் போனார்கள். தினமும் காலையில் அவள் வீட்டு நடையில் மூன்று ஈரக் கிழவர்கள். ஒரே வாரத்தில் அவள் ஷாம்பு காலி.

தண்ணீரை நாற்பத்து நாலு டிகிரிக்கு ஏற்றினாள். வெந்து ஓடட்டும் என்று.

"இப்பத்தான் சூடுன்னா சூடு!" என்றான் கிழவர்களில் ஒருவன்.

கடைசியில் ஒருநாள் அக்காவுக்கு போன் போடுவதை விட்டுவிட்டுத் தானே தொட்டியில் இறங்கி உட்கார்ந்தாள். என்னதான் பேசுகிறார்கள் பார்ப்போம். யாரும் பேசவில்லை. ஓர்முர் கண்ணை மூடிக் கிடந்தான். மற்ற மூவரும் ஆவிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்கள், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள், மறுபடி ஜன்னலைப் பார்த்தார்கள்.

"இன்னிக்கு அக்காவுக்கு போன் இல்லையா?" என்றான் ஒரு கிழவன், ஏமாந்த குரலில்.

தாக்னி ஓர்முரைத் தண்ணீருக்கடியில் எட்டி உதைத்தாள். அக்காவுக்கு போன் போடுவது வரை சொல்லி வைத்திருக்கிறான்!

பொறி வைக்க முடிவு பண்ணினாள். அன்று சாயங்காலம் ஓர்முரிடம், ஓர்முரிடம் மட்டும், ஒரு பொய் சொன்னாள்.

"நாம நெருப்புக்கோழி வளர்க்கப் போறோம். நாப்பது கோழி. யாருக்கும் சொல்லாதே."

ஓர்முர் கருவியைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டான்.

காலையில் அக்காவிடம் விலாவாரியாகச் சொல்லிச் சிரித்தாள். "நெருப்புக்கோழின்னு சொல்லி வச்சிருக்கேன்கா! நாளைக்கு ஊர்ல இந்தப் பேச்சு வரட்டும், அப்ப இருக்கு அவனுக்கு!"

சனிக்கிழமை கல்லாவில் சோல்ரூன் மீனையும் உருளைக்கிழங்கையும் பைக்குள் அடுக்கிவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"நாப்பது கோழிக்கும் தீனி இங்கயே வாங்கிப்பீங்களா?"

கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. அன்று வீட்டில் நடந்ததைச் சண்டை என்று சொல்ல முடியாது. சண்டைக்கு இரண்டு பேர் வேண்டும்.

"நான் சொல்லல, தாக்னி" என்றான் ஓர்முர். "முப்பது வருஷம் என்ஜின் சத்தம். பானையில இருக்கற இந்த ஒன்றரை மணி நேரம்தான் எனக்கு உலகத்துல சத்தம் இல்லாத நேரம். அதைப் போய் நான் பேசிக் கெடுப்பேனா?"

"நடிக்காதே! பாலத்து விளக்கு விஷயத்தையும் சொல்லிட்ட, இல்ல?"

அதுதான் அவளை உள்ளே அறுத்தது. அந்த வாரம் பாலத்து முனையில் புது விளக்கு எரிந்தது. ஐஸ் வாங்கச் சின்னப் படகுகளுக்குத் தனி வரிசை போட்டார்கள். அவள் கண்டுபிடித்த குறை, அவள் யோசித்த வழி. எல்லாம் ஸ்கோரியின் யோசனையாக நேர்காணலில் வந்து உட்காரப் போகிறது. அவள் தலையெடுத்த ஒரே இடத்தையும் சொந்தப் புருஷனே வெந்நீரில் கரைத்துவிட்டான்.

நேர்காணலுக்கு முந்தின நாள் தொட்டியின் அடைப்பைப் பிடுங்கினாள். மொத்தத் தண்ணீரும் சரிவில் ஓடிக் கடலுக்குப் போனது. மறுநாள் காலை ஏழு மணிக்கு அக்காவுக்கு போன் போட்டாள்.

"இன்னிக்கு நேர்காணல்க்கா. வேலை கிடைக்கலைன்னா கிடைக்கல, ஆனா ஒண்ணு, எனக்கு அந்தத் துறைமுகத்தோட ஒவ்வொரு கயிறும் தெரியும். இரண்டாம் நம்பர் கிரேனுக்கு பிரேக் பிடிக்கல, ஒருத்தன் செத்த பிறகுதான் பார்ப்பானுங்களா? வந்தா முதல் நாளே அதை நிறுத்துவேன்! தோர்க்னிர் குதிச்சாலும் நிறுத்துவேன்!"

போனை வைத்துவிட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். காலித் தொட்டிக்குள், கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு, தோர்க்னிரும் கிழவர்கள் இருவரும் காபிக் குடுவையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஓர்முர் மட்டும் இல்லை. அவன் தண்ணீர் இருக்கிற பானையைத் தேடிக் குளத்துக்கே போய்விட்டான்.

"தண்ணிதான் இல்லையே, எதுக்குடா உக்காந்திருக்கீங்க?"

"பழகின இடம்" என்றான் தோர்க்னிர். "இதோ கிளம்பிட்டோம்."

மதியம் இரண்டு மணிக்கு நகராட்சி அலுவலகத்தின் வெளியே காத்திருந்தாள். ஸ்கோரி உள்ளே நாற்பது நிமிஷம் இருந்தான். வெளியே வரும்போது அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு டையைத் தளர்த்திக்கொண்டு போனான். தாக்னி பட்டச் சான்றிதழை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். மேஜைக்குப் பின்னால் தோர்க்னிர். ஓரத்தில் குறிப்பேட்டோடு சோல்ரூன்.

"உக்காரு" என்றான் தோர்க்னிர். "கேள்வி ஒண்ணும் இல்ல."

"என்னது?"

"கேள்வி இல்லைன்னு சொன்னேன்."

"அவனுக்கு நாப்பது நிமிஷம், எனக்கு ஒரு கேள்விகூட இல்லையா?" தாக்னியின் குரலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "எல்லாத்தையும் பானையிலயே முடிச்சிட்டு இங்க எதுக்கு நாற்காலி போட்டு வச்சிருக்கீங்க?"

"கத்தாதே. வேலை உனக்குத்தான். திங்கட்கிழமை வா. அந்த இரண்டாம் நம்பர் கிரேனை மத்தியானமே நிறுத்தச் சொல்லிட்டேன்."

தாக்னி உட்காரவில்லை. சந்தோஷம் வர வேண்டிய இடத்தில் சந்தேகம்தான் வந்தது. இருபத்திரண்டு வருஷம் சும்மா எதுவும் கிடைக்காதவளுக்கு அதுதான் முதலில் வரும்.

"ஓர்முர் வந்து கெஞ்சினானா? அவன் சிபாரிசுல வர்ற வேலை எனக்கு வேண்டாம்!"

"ஓர்முரா? அவன் பானையில வாயைத் திறந்து நான் பார்த்ததே இல்ல."

"அப்ப என் யோசனையெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு கேள்வி கேக்காம என்னைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

சோல்ரூன் குறிப்பேட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"நேர்காணல்தான் மூணு மாசமா தினம் காலைல ஏழு மணிக்கு உங்க சமையலறை ஜன்னல்ல நடக்குதே, தாக்னி. குளத்துல உக்காந்தா கடல்காத்து அடிக்கிற அன்னிக்குப் பாதி கேக்காது, நீங்க வீட்டுல தொட்டி வாங்கின பிறகுதான் மன்றத்துக்கு முழுசா கேட்டுது."