வடக்கு வாசல் விதவை

மார்ஷ்ஹேவன்,
செவ்வாய்க்கிழமை, விடாத மழை

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய வின்னிஃப்ரெட் அக்காவுக்கு,

தம்பி எல்வின் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் முழங்கால் வலியும் சேர்ந்து சௌக்கியமாக இருக்கிறோம். அங்கே லெஸ்டரில் நீயும் அத்தானும் அத்தானின் ரோஜாச் செடிகளும் நலமாக இருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன். நலம் விசாரித்தாகிவிட்டது. அக்கா, நான் வசமாக மாட்டிக்கொண்டேன்.

நாற்பது வருஷத்துக்கு முன்னால், பழைய துணி விற்பனை நாளில் வைப்பதற்கென்று, மேட்டின்மேல் இருக்கும் நம் புனித வில்ஃப்ரிட் ஆலயத்தின் வரலாற்றைத் துண்டுப் பிரசுரமாக எழுதினேனே, ஞாபகமிருக்கிறதா? கடைசிப் பக்கத்தில் பாதி காலியாகக் கிடந்தது. அச்சகக்காரர் வாசலில் நின்று அவசரப்படுத்தினார். வடக்குச் சுவரில் செங்கல் வைத்து அடைத்த குட்டி வாசல் ஒன்று உண்டல்லவா, அது ஏன் அடைபட்டது என்று எனக்குத் தெரியாது. தெரியாததால் சௌகரியமாக எழுதிவிட்டேன்: 1703 பெரும்புயலில் தாமசின் க்ரேக் என்ற விதவை அந்த வாசலில் விளக்கேந்தி நின்று எட்டுப் படகுகளைக் கரைசேர்த்தாள், ஒன்பதாவது படகில் போன மகன் மட்டும் வரவில்லை, அன்றே வாசலை அடைத்துவிட்டார்கள் என்று. ஆதாரம், ஆலயத்தில் நான் கண்டுபிடித்த பழைய பதிவேடு என்று அடிக்குறிப்பு வேறு போட்டேன். தாமசின் என்பது நம் வீட்டுப் பூனையின் பெயர், க்ரேக் இறைச்சிக் கடைக்காரரின் பெயர் என்பது உனக்கும் எனக்கும் ஆண்டவருக்கும் மட்டும்தான் தெரியும்.

பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். என் பொய்க்கு நாற்பது கால் முளைத்து ஊரைச் சுற்றுகிறது. முதலில் பள்ளிப் பிள்ளைகள் நாடகம் போட்டார்கள், அப்புறம் அக்டோபரில் விதவை ஞாயிறு என்று ஒன்று வந்தது, ஊரே விளக்கேந்தி வடக்கு வாசலுக்குப் போகிறது, ரொட்டிக் கடைக்காரன் தாமசின் பன் விற்கிறான், இதைப் பார்த்து மற்ற சபைக்காரர்களுக்குப் பொறுக்குமா? பாப்டிஸ்டுகள் அவளுக்குக் கடலில் முக்கி ஞானஸ்நானம் கொடுத்ததாகத் தங்கள் சபை வரலாற்றில் எழுதிக்கொண்டார்கள். மாதா கோயில்காரர்கள் அவள் கையில் ஜெபமாலை இருந்தது என்கிறார்கள். துறைமுகத்து மெதடிஸ்ட் சபைப் பெரியவர் ரெஜ் டாம்லின் போன வாரம் தேநீர்க் கோப்பையோடு என்னை மடக்கினார்.

"ஏம்ப்பா எல்வின், அந்தம்மா எங்க சபை. எதுக்கு மறைக்கறே?"

"ரெஜ், அந்தப் புயலப்போ உங்க சபையே பொறக்கலையேப்பா!"

"பொறக்காட்டி என்ன? மனசால மெதடிஸ்ட். உங்க ஆளுங்க மழையில விடிய விடிய நிப்பாங்களா? பாதிப் பிரசங்கத்துலயே சாப்பாட்டு ஞாபகம் வந்துடுமே!"

இத்தனை காலமாக ஒரே மேஜையில் உட்கார்ந்து கேக் தின்னாத நாலு சபையும் இப்போது அவளுக்காக ஒன்றுகூடிக் கல்வெட்டு வைக்கின்றன. வருகிற ஞாயிறு, விதவை ஞாயிறன்றே, பிஷப் வந்து திறக்கிறார். நம் பூனைக்கு பிஷப் ஜெபம் பண்ணப்போகிறார், அக்கா! வரலாற்றை வாசிக்கப்போவது நான். இன்று காலை நம் பாதிரியார் நைஜல் சிரித்துக்கொண்டே வந்து, "எல்வின் சார், நீங்க கண்டுபிடிச்ச அந்தப் பழைய பதிவேட்டையும் கையோட கொண்டாந்துடுங்க, பிஷப் பாக்கணுங்கறார்" என்றார். எந்தப் பதிவேட்டை நான் கொண்டுபோவது?

பிஷப்பைக்கூடச் சமாளித்துவிடலாம். மாபெல் ஹாக்கின்ஸைத்தான் எப்படிச் சமாளிப்பது என்று தெரியவில்லை. பீடத்துக்குப் பூ வைப்பவள், உனக்குத் தெரியுமே. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் டெட்டின் படகு திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அதிலிருந்து விதவை ஞாயிறன்று முதல் விளக்கு அவளுடையது. என் பிரசுரத்தை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள், அக்கா. அவளிடம் போய், 'அது வெறும் பூனைம்மா' என்று எந்த வாயால் சொல்வேன்? சொல்லாமல் அவள் முன்னால் எப்படி வாசிப்பேன்? நாளைக் காலை பாதிரியாரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடப் போகிறேன். அதற்கப்புறம் இந்த ஊரில் தலைகாட்ட முடியாது. உன் பின்னறையைக் காலி செய்து வை, அத்தானிடம் பக்குவமாகச் சொல்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் கூரையையும் அதன் கீழே இருப்பவர்களையும் கர்த்தர் காப்பாராக.

இப்படிக்கு,
மானம் கப்பலேறவிருக்கும் தம்பி,
எல்வின்

பி.கு.: பின்னறையை அப்படியே விட்டுவிடு. தபால் பெட்டிக்குப் போகிற வழியில் மனசு கேட்காமல் ஆலயத்துக்குள் நுழைந்தேன். மாபெல் பூ வைத்துக்கொண்டிருந்தாள். பாதிரியாரைவிட இவளுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றி, பூனை வரைக்கும் உளறிக் கொட்டிவிட்டேன். அவள் காம்பு நறுக்குவதை நிறுத்தவே இல்லை.

"தெரியும் எல்வின். அது கோயில் கணப்புக்குக் கரி கொட்டற வாசல். அடைச்சதே எங்கப்பாதான்."

"தெரிஞ்சுமா இத்தனை வருஷம் விளக்கு புடிச்சே?"

"டெட்டுக்குக் கல்லறை இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நான் எங்க போய் நிப்பேன், சொல்லு? நீதான் ஒரு எடம் காட்டினே. பதிவேட்டை எலி தின்னுடுச்சுன்னு பிஷப்கிட்ட நான் சொல்லிக்கறேன். நீ சத்தமா வாசி, பின்வரிசைக்காரங்களுக்குக் காது கேக்காது."

வெளியே வந்து மழையில் நின்று அழுதேன், அக்கா. ஞாயிறு வாசிக்கப் போகிறேன். நீ சனிக்கிழமை ரயிலில் வந்துவிடு. வருஷா வருஷம் மாபெல் பக்கத்தில் நிற்பது நான்தான். இந்தத் தடவை நான் மேடையில் இருப்பேன், அவள் தனியாக நிற்கக்கூடாது.